சிவப்பு விலை, நீல விலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு காலிங்பெல்லை அடிக்கிற தைரியம் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் பால்காரர். இன்னொருவர் மூன்றாவது மாடி பேங்க் சார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது நாணயம் சேர்க்கிறார். (சர்வீஸ் காலத்திலேயே நாணயமானவர்தான். நான் சொல்வது கையில் பிடிக்கிற நாணயம்.)

“தம்பி, லென்ஸ் இருக்கா?”

உள்ளங்கையில் ஒரு பொடிக் காசு. அமெரிக்கப் பத்து சென்ட். அந்த ஊரில் ‘டைம்’ என்பார்கள். நியூஜெர்ஸியிலிருந்து லீவுக்கு வந்த மகன், டிராயரில் கொட்டிவிட்டுப் போன சில்லறையில் கிடைத்ததாம்.

“வருஷத்தைப் பாருங்க. 1975. அதுக்கு மேலே ‘எஸ்’னு குட்டியா ஒரு எழுத்து இருக்கா?”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இல்லை.

“நாலேகால் கோடி தம்பி!” என்றார். குரல் நடுங்கியது.

சார் சொன்னது கட்டுக்கதை இல்லை. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஓர் ஏலம். ‘எஸ்’ இல்லாத 1975-ஆம் வருடத்து டைம் ஒன்று 5,06,250 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு நாலேகால் கோடி. பேப்பரில் செய்தி வந்தது. சார் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

ஆனால் அந்தக் காசு வேறு, சார் கையில் இருக்கும் காசு வேறு. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இதை எப்படிச் சொல்வது?

ஏலத்தில் போனது ‘ப்ரூஃப்’ காசு. கடையில் கொடுத்து மாற்றுவதற்காக அடிப்பதில்லை, சேகரிப்பவர்களுக்கென்றே ஸ்பெஷலாக அடிப்பது. அச்சைக் கண்ணாடி மாதிரி பாலீஷ் போடுவார்கள். காசுத் தகட்டுக்கும் பாலீஷ். ஓர் அடிக்குப் பதில் இரண்டு மூன்று அடி. வெளியே வரும்போது பின்னணியில் முகம் பார்க்கலாம். உருவம் மட்டும் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக நிற்கும். 1975-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலை இப்படி ஆறு காசு கொண்ட செட்டுகளை 28 லட்சத்துக்கும் மேல் தயாரித்து, செட் 7 டாலர் என்று விற்றது. சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது என்பதற்கு அடையாளம்தான் அந்த ‘எஸ்’. அந்தக் காலத்தில் அச்சு தயாரானது ஃபிலடெல்ஃபியாவில். அச்சில் ஊர் எழுத்தை ஓர் ஆள் கையால் பொறிப்பார். ஏதோ ஓர் அச்சில் பொறிக்க மறந்துவிட்டார்கள். அதிலிருந்து வந்த காசில் இதுவரை தெரியவந்தது இரண்டே இரண்டு.

அதே வருடம் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை புழக்கத்துக்காக 58 கோடிக்கும் மேல் டைம் அடித்துத் தள்ளியது. அன்றைய ஃபிலடெல்ஃபியா டைமில் ஊர் எழுத்து போடும் வழக்கமே கிடையாது. மகனின் சில்லறையில் வந்தது அந்த 58 கோடியில் ஒன்று. எழுத்து விடுபட்ட காசு இல்லை. எழுத்து இல்லாமலே பிறக்க வேண்டிய காசு.

“அப்ப இதுக்கு என்ன விலை?”

“பத்து சென்ட் சார்.”

சார் அரை நிமிடம் பேசவில்லை. அதற்குள் காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அவர் வந்த நிஜமான காரியம் அப்போதுதான் தெரிந்தது.

நாணய வியாபாரி ஒருவர் அவருக்கு ஒரு காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1990-ஆம் வருடத்து அமெரிக்க ஒரு சென்ட். ப்ரூஃப். இதிலும் ‘எஸ்’ கிடையாது, நிஜமாகவே விடுபட்டது. பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்து, சர்ட்டிஃபிகேட் நம்பரோடு இருக்கிறதாம். விலை நான்கு லட்சம். “அஞ்சு வருஷத்துல டபுள் சார்” என்று வாக்குறுதி. ஆதாரமாக, அமெரிக்காவின் பிரபலமான விலைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் ஜெராக்ஸ்.

“அடுத்த வாரம் ஒரு எஃப்.டி. மெச்சூர் ஆகுது. போடலாமா?”

நான்கு லட்சம் என்பது சாருக்குப் பொடிக் காசு இல்லை. மாமியின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று ஒதுக்கி வைத்த பணம். அதனால் அன்று அவரிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

* * *

நான் படித்தது பி.காம். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத ஒரு வரி, வருடக் கடைசியில் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும் விதி: அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடு. வராத லாபத்தைக் கணக்கில் ஏற்றாதே என்று அர்த்தம். முதல் வருடத்தில் அக்கவுன்டன்ஸி வாத்தியார் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது.

நாணய உலகத்தின் விலைச் செய்திகள் இதற்கு நேர்தலைகீழ். எங்கேயாவது, எப்போதாவது, யாராவது கொடுத்த உச்ச விலை எதுவோ அதைப் போடு!

அந்த டைமையே எடுத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்று 2011-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 3,49,600 டாலர். அதே காசு 2019-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 4,56,000. எட்டு வருடத்தில் முப்பது சதவிகிதம் ஏற்றம் என்று எழுதலாம். எழுதவும் செய்தார்கள்.

ஆனால் 4,56,000 என்பது வாங்கியவர் கொடுத்த தொகை. அதற்குள் ஏலக்கூடத்தின் 20 சதவிகிதக் கட்டணம் ஒளிந்திருக்கிறது. சுத்தியல் விழுந்தது 3,80,000-ல்தான். ஏலக்கூடத்தோடு தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால் விற்பவர் கைக்கு வருவது அதற்கு மேல் போகாது. ஆக, 2011-ல் 3,49,600 கொடுத்து வாங்கிய ஒருவர் 2019-ல் இப்படி விற்றிருந்தால், லாபம் 30,400. வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சதவிகிதம். லாக்கர் வாடகைக்குக் காணுமா என்பது சந்தேகம்.

இன்னொரு காசின் கதை நல்ல கதை. ஓஹையோ மாநிலத்தில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பம். தாயும் மகனுமாகச் சேர்ந்து 1978-ல் அதை 18,200 டாலருக்கு வாங்கினார்கள். கஷ்ட காலத்துக்கு ஆகும் என்ற எண்ணம். நாற்பது வருடத்துக்கும் மேல் வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. மகன் இறந்தபிறகு சகோதரிகளுக்கு வந்து, அவர்கள் 2024-ல் ஏலத்துக்கு விட்டார்கள். 18,200 கொடுத்தது ஐந்து லட்சத்தைத் தாண்டியது என்று படிக்கும்போது யாருக்கும் மூச்சு நிற்கும்.

கால்குலேட்டரை எடுங்கள். கட்டணம் 12.5 சதவிகிதம் போக சுத்தியல் விலை 4,50,000. நாற்பத்தாறு வருடம். கூட்டு வட்டியில் வருடத்துக்குச் சுமார் 7.2 சதவிகிதம் வருகிறது. அதே 1978-ல் நூறுக்குப் பக்கத்தில் இருந்த எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு, 2024 அக்டோபரில் 5,800-ஐ ஒட்டி இருந்தது. டிவிடெண்டைச் சேர்க்காமலேயே ஐம்பத்தெட்டு மடங்கு. காசு ஏறியது இருபத்தைந்து மடங்குக்கும் குறைவு.

இது உலகத்திலேயே மிக அரிய ப்ரூஃப் காசுகளில் ஒன்றின் கணக்கு. அதுவும் சரியான காசை, சரியான காலத்தில் வாங்கி, அரை நூற்றாண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கு. அஞ்சு வருஷத்தில் டபுள் என்றால் வருடத்துக்குப் பதினைந்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாணயமே தராத வருமானத்தை வியாபாரி தருகிறேன் என்கிறார்.

* * *

இப்போது அந்த ஜெராக்ஸ் பக்கத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் நாணயம் சேர்க்கிறவர்கள் வீட்டில் ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் இருக்கும். பெயர் ‘எ கைடு புக் ஆஃப் யுனைடட் ஸ்டேட்ஸ் காயின்ஸ்’. ஆர்.எஸ்.யோமன் என்பவர் ஆரம்பித்தது. முதல் பதிப்பு 1946-ல் வந்தது. செல்லமாக ‘ரெட் புக்’. எந்த வருடத்தில் எந்த ஊரில் எத்தனை அடித்தார்கள், என்னென்ன தப்புகள் உண்டு, எந்த நிலையில் என்ன விலை - எல்லாம் அதில் கிடைக்கும். நல்ல புத்தகம். அதன் மீது எனக்குப் புகார் இல்லை. பெயரே வழிகாட்டி. தீர்ப்பு என்று அது சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அதில் இருப்பது கடையில் நீங்கள் வாங்கும் விலை. அதே நிறுவனம் இன்னொரு புத்தகமும் போடுகிறது. அட்டை நீலம். ‘ப்ளூ புக்’. சிவப்புக்கு நாலு வருடம் மூத்தது. அதில் இருப்பது, உங்களிடமிருந்து வியாபாரி வாங்கும் விலை. ஒரே காசு, இரண்டு அட்டை, இரண்டு விலை. நடுவில் இருக்கும் பள்ளம்தான் வியாபாரியின் வாடகை, கரண்ட் பில், லாபம் எல்லாம். அதைத் தப்பு சொல்ல முடியாது. அவரும் பிழைக்க வேண்டும். தப்பு எங்கே என்றால், விற்கும்போது சிவப்பைக் காட்டிவிட்டு, நீலம் என்று ஒன்று இருப்பதையே சொல்லாமல் விடுவதில்.

பழைய நகையைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போன எந்தப் பெண்மணிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போது கொடுத்தது விற்கும்போது எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியும். தங்கத்துக்காவது காலையில் பேப்பரில் அன்றைய விலை வருகிறது. இரண்டே இரண்டு காசு இருக்கும் ரகத்துக்கு ஏது அன்றைய விலை? அதற்குப் பக்கத்தில் அச்சாகும் எண், என்றைக்கோ ஏல அறையில் இரண்டு பணக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் கை தூக்கியதன் ஞாபகம். அதில் ஒருவருக்கு அன்று ஜுரமாக இருந்து வராமல் போயிருந்தால் எண் வேறு.

இன்னொன்று. ‘அபூர்வம்’ என்ற சொல். வியாபாரி சாரிடம் பேசிய பத்து நிமிடத்தில் அதைப் பதினைந்து முறை சொல்லியிருக்கிறார்.

‘எஸ்’ விடுபட்ட ப்ரூஃப்களில் 1970 டைம் உண்டு. நாணயச்சாலையின் மதிப்பீட்டில் 2,200 காசு. 1971 ஐந்து சென்ட் உண்டு. அது 1,655. சார் வாங்க நினைக்கும் 1990 ஒரு சென்ட்? 3,700 அடித்து, 145-ஐ உள்ளேயே கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். பாக்கி 3,555. மூன்றில் அதிகம் இருப்பது இதுதான். ஆனால் சந்தையில் மூன்றில் விலை அதிகமும் இதுதான்!

காரணம் எளிது. லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் சேர்க்கிற கூட்டம் பெரிசு. அமெரிக்கச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு சென்ட்டில்தான் ஆரம்பித்தார்கள். வளர்ந்து, சம்பாதித்து, ஆல்பத்தில் காலியாக இருக்கும் ஓட்டையை நிரப்பத் துடிக்கிறார்கள். விலையை நிர்ணயிப்பது எத்தனை காசு இருக்கிறது என்பது மட்டும் இல்லை, எத்தனை ஓட்டை காலியாக இருக்கிறது என்பதும்தான். அந்தச் சிறுவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பேரன்களுக்கு இந்த ஆசை இருக்குமா என்பதை எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. அமெரிக்கச் சந்தையின் அந்த ஆசையை நம்பித்தான் மாமியின் முழங்கால் காத்திருக்க வேண்டும்.

* * *

அடுத்து அந்த பிளாஸ்டிக் உறை.

காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை மார்க் போடுகிறார்கள். 70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறையே தெரியக்கூடாது. மார்க் போட்டு உறையில் சீல் வைக்கும் கம்பெனிகள் 1980-களின் நடுவில் பெரிதாக வந்தன. நல்ல காரியம்தான். இந்தத் தொழிலில் ஏமாற்று அதிகம். ஒழுங்கான ப்ரூஃபில் இருக்கும் ‘எஸ்’ஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, விடுபட்டது என்று விற்கலாம். சாதாரண ஃபிலடெல்ஃபியா காசை மெருகேற்றி ப்ரூஃப் என்றும் சொல்லலாம். இவற்றைப் பிடிக்க ஒரு நடுவர் தேவை. அசலா போலியா என்று சொல்லும் வரைக்கும் நான் அந்த உறைக்குக் கும்பிடு போடுவேன்.

மார்க்கில்தான் எனக்குச் சந்தேகம். 69-க்கும் 70-க்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. விலையில் தெரியும். சில காசுகளில் பல மடங்கு.

இந்த 70 எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்ற உளவியல் அறிஞர், 1949-ல் பழைய அமெரிக்கப் பெரிய சென்ட்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். அப்போது அது நிலைக்கான மார்க் மட்டும் இல்லை. விலைக்கான வாய்ப்பாடு. மிக மோசமான நிலைக் காசு ஒரு டாலர் என்றால், மிகச் சிறந்தது எழுபது டாலர். அதனால்தான் நூறு இல்லாமல் எழுபது. விலைவாசி மாறியதில் அந்த வாய்ப்பாடு சீக்கிரமே செத்துப்போனது. எண் மட்டும் சாகவில்லை. இன்னும் வேடிக்கை, அளவுகோலைத் தந்த ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தார் என்பது அவர் காலத்துக்குப் பிறகு வெளிவந்து கோர்ட் வரை போனது. தராசு செய்தவரே தட்டில் விரல் வைத்திருக்கிறார்.

சீல் வைக்கும் கம்பெனிகள் இன்னொரு கணக்கும் வெளியிடுகின்றன. இந்த ரகத்தில், இந்த மார்க்கில், எங்களிடம் வந்தது இத்தனை காசு என்று. அதைத்தான் வியாபாரிகள் ‘உலகத்திலேயே இத்தனைதான்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். பலர் காசை அனுப்புவதே இல்லை. அவை கணக்கில் வராது. சிலர் உறையை உடைத்து, ஒரு மார்க் கூடக் கிடைக்குமா என்று மறுபடி மறுபடி அனுப்புவார்கள். ஒரே காசு மூன்று காசாகக் கணக்கில் ஏறும். இரண்டு பக்கமும் ஓட்டை.

* * *

இது அமெரிக்க வியாதி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் ஊரிலும் ப்ரூஃப் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு நம் அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயத்தில்கூட ப்ரூஃப் உண்டு. பிரிட்டிஷ் இந்திய ப்ரூஃப்களில் ஒரு தனிச் சிக்கல். சேகரிப்பவர்கள் கேட்டால் பழைய அச்சை எடுத்துப் புதிதாக அடித்துக் கொடுக்கும் வழக்கம் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் 1970 வரை இருந்தது. விக்டோரியா ராணி படத்தோடு 1862 என்று போட்ட ப்ரூஃப், ராணி போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து அடித்ததாக இருக்கலாம். காசில் இருக்கும் வருடம் அச்சின் வருடம். காசின் பிறந்த நாள் இல்லை. அசல் ப்ரூஃபா, மறு அடிப்பா என்பதில் விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறும். சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

இது போதாதென்று, உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று கிளம்பிய கும்பல் வேறு. ரிசர்வ் வங்கி பெயரையே பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் வங்கி ஓர் எச்சரிக்கை வெளியிட வேண்டிவந்தது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று.

நாணயம் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஒரு ப்ரூஃபைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கண் எடுக்க மனசு வராது. அந்த சந்தோஷத்துக்குக் கொடுக்கிற பணம் சினிமா டிக்கெட் மாதிரி. திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓட்டல் சாப்பாடும் அப்படித்தான். ஆசைக்கு வாங்குகிறவர் ஏமாறுவதில்லை, அவருக்குக் காசு கிடைத்துவிடுகிறது. அதையே சேமிப்பு என்று நினைத்து வாங்கும்போதுதான், சிவப்புப் புத்தகத்தின் எண் நம் பாஸ்புக்கின் எண் மாதிரி தோன்ற ஆரம்பிக்கிறது.

* * *

“எல்லாம் சரி தம்பி, கடைசியா என்னதான் விலை அதுக்கு?” என்றார் சார்.

“அவரையே கேளுங்க சார். ஒரே ஒரு கேள்வி.”

என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டார். “நாலு லட்சத்துக்கு வாங்கிக்கறேன். பணக் கஷ்டம்னு நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்தா, நீங்க எவ்வளவு தருவீங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“சார், இதெல்லாம் லாங் டெர்ம்ல பார்க்கணும் சார்...”

“சரி, பார்க்கறேன். நாளைக்குன்னா எவ்வளவு?”

“மார்க்கெட்டைப் பொறுத்துதான்...”

“உத்தேசமா சொல்லுங்க.”

“ரெண்டு... ரெண்டேகால் கொடுக்கலாம் சார்.”

சார் போனை வைத்தார். எஃப்.டி.யைப் புதுப்பித்துவிடுவதாகச் சொன்னார். மாமியின் முழங்கால் தப்பித்தது என்று நானும் பெருமூச்சு விட்டேன்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய மனுஷர்.

“ஏன் தம்பி, அந்த ரெண்டேகாலுக்கு அவன்கிட்டேர்ந்து நாம வாங்க முடியாதா?”